கஞ்சாவும் கைத்துப்பாக்கியும்: அமெரிக்க அரசியல் சட்டத்தில் ஒரு சிக்கல்

நம் சங்கத்துக் குடும்பங்களில் அமெரிக்காவில் மகனோ, மகளோ, மருமகனோ இல்லாத வீடு இப்போது குறைவு. ஆகவே அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில், ஒரு கடைவீதியில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தால் இங்கே நமக்குத் தூக்கம் போய்விடுகிறது. "அந்த நாட்டில் யார் வேண்டுமானாலும் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா? கேட்பார் இல்லையா?" என்று பலரும் கேட்கிறார்கள்.

கேட்பார் உண்டு. சட்டமும் உண்டு. அமெரிக்க மத்திய அரசின் சட்டம் ஒன்பது வகை மனிதர்கள் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது என்கிறது. பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றவர், தலைமறைவானவர், நீதிமன்றத்தால் மனநலம் குன்றியவர் என்று தீர்மானிக்கப்பட்டவர், மனைவி மக்களைத் துன்புறுத்தியதால் நீதிமன்றத் தடை உத்தரவு பெற்றவர் என்று அந்தப் பட்டியல் போகிறது. அதில் மூன்றாவதாக வருகிறவர்கள் போதைப்பொருள் பயன்படுத்துகிறவர்கள்.

கேட்கும்போது இது நியாயமாகத்தான் படுகிறது. போதைக்காரன் கையில் துப்பாக்கி எதற்கு? ஆனால் சில ஆண்டுகளாக அந்த நாட்டு நீதிமன்றங்களில் மிக அதிகமாக அடிபடும் சட்டங்களில் இதுவும் ஒன்று. "இந்தத் தடை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது" என்று வழக்கு மேல் வழக்கு. சில நீதிமன்றங்கள் "ஆமாம்" என்றன. சில "இல்லை" என்றன. சில "ஆளைப் பொறுத்தது" என்றன. இந்தச் சிக்கல் எப்படி வந்தது, இரு தரப்பாரும் என்ன சொல்கிறார்கள், நம் பிள்ளைகளுக்கு இதில் என்ன பாடம் என்று எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நான் வக்கீல் அல்ல. கடை அடைத்த பிறகு புத்தகம் பார்க்கிற வியாபாரி. அதனால் வக்கீல் பாஷையைத் தவிர்த்து வியாபாரி பாஷையிலேயே சொல்கிறேன்.

ஒரு வாக்கியம், இருநூறு ஆண்டு வாதம்

அமெரிக்க அரசியல் சட்டத்துக்கு 1791-இல் பத்துத் திருத்தங்கள் சேர்க்கப்பட்டன. அவற்றுக்கு உரிமைப் பட்டியல் என்று பெயர். இரண்டாம் திருத்தம் ஒரே ஒரு வாக்கியம்தான். சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்கு ஒழுங்கான குடிப்படை தேவை என்று அது தொடங்குகிறது. மக்கள் ஆயுதம் வைத்திருக்கவும் தாங்கவும் உள்ள உரிமை மீறப்படலாகாது என்று முடிகிறது.

முதல் பாதியைப் பார்த்தால் படைக்காகக் கொடுத்த உரிமை மாதிரி இருக்கிறது. இரண்டாம் பாதியைப் பார்த்தால் ஒவ்வொரு ஆளுக்கும் கொடுத்த மாதிரி இருக்கிறது. எது சரி? இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இதற்கு முடிவு கிடைக்கவில்லை. 2008-ஆம் ஆண்டு ஹெல்லர் என்பவர் தொடுத்த வழக்கில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், இது தனிமனித உரிமையே, தன் வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு என்று சொன்னது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்காலியா. குற்றவாளிகளுக்கும் மனநலம் குன்றியவர்களுக்கும் நெடுநாளாக உள்ள தடைகளில் தாங்கள் கை வைக்கவில்லை என்றும் அதே தீர்ப்பில் அவர் எழுதினார். போதைப்பொருள் பயன்படுத்துவோர் பற்றி அந்த வரியில் பேச்சில்லை. சிக்கலின் விதை இங்கேயே விழுந்துவிட்டது எனலாம். 2010-இல் வேறொரு வழக்கில் இந்த உரிமை மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தும் என்று ஆயிற்று.

நம் நாட்டோடு ஒப்பிட்டால் வித்தியாசம் நன்றாக விளங்கும். நமது அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவில், ஒன்றுகூடும் உரிமையைச் சொல்லும் இடத்தில், ஆயுதம் என்ற சொல் வருகிறது. எப்படி வருகிறது? அமைதியாக, ஆயுதம் இல்லாமல் கூடுவதற்கு உரிமை என்று வருகிறது! வெள்ளையர் கொண்டுவந்த 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தை நம் தலைவர்கள் வெறுத்தார்கள். 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் இந்த உரிமையைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. ஆக, இங்கே துப்பாக்கி என்பது 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசாங்கம் கொடுக்கிற லைசென்ஸ். கொடுக்கலாம், மறுக்கலாம். அங்கேயோ அது பிறப்புரிமை. மறுக்க வேண்டுமானால் அரசாங்கம்தான் காரணம் காட்ட வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

தடை எப்போது வந்தது?

1963-இல் அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங், ஜூனில் ராபர்ட் கென்னடி. நாடே கொதித்துப் போயிருந்த அந்த ஆண்டு அக்டோபரில் அதிபர் ஜான்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். போதைப்பொருள் பயன்படுத்துவோர் மீதான தடை அதில்தான் பிறந்தது. பிறகு 1986-இல் திருத்தப்பட்டு இன்றைய வடிவத்துக்கு வந்தது.

இன்றைய வாசகத்தின் சாரம் இது: கட்டுப்படுத்தப்பட்ட பொருளைச் சட்டவிரோதமாகப் பயன்படுத்துகிறவரோ, அதற்கு அடிமையானவரோ துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. மீறினால் பத்தாண்டு வரை சிறை என்று இருந்தது. 2022 ஜூன் மாதம் இயற்றிய சட்டத்தால் அது பதினைந்து ஆண்டாக உயர்ந்தது.

கட்டுப்படுத்தப்பட்ட பொருள் எது என்பதை 1970-ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து அட்டவணைகளாகப் பிரித்துச் சொல்கிறது. அந்தச் சட்டம் கஞ்சாவை ஹெராயினுக்குப் பக்கத்தில், முதல் அட்டவணையில், வைத்தது. சாராயம், ஒயின், பீர், புகையிலை இவை அந்தச் சட்டத்திலேயே விலக்கப்பட்டுள்ளன. ஆக, தினமும் ஒரு பாட்டில் விஸ்கி குடிக்கிறவர் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். வாரத்தில் இரண்டு நாள் தூக்கம் வராமல் கஞ்சா புகைக்கிறவர் வைத்துக்கொள்ளக் கூடாது. மனைவிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரை அட்டவணையில் உள்ள மருந்தாக இருந்து, அதைக் கணவன் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தாலும், வாசகப்படி அவரும் சட்டவிரோதப் பயன்பாட்டாளரே.

இன்னொரு முடிச்சு. 2025 நிலவரப்படி 24 மாநிலங்கள் வயது வந்தோர் கஞ்சா பயன்படுத்துவதைச் சட்டபூர்வமாக்கிவிட்டன. மருத்துவத்துக்கு அனுமதிக்கும் மாநிலங்கள் இன்னும் அதிகம். கடை உண்டு, ரசீது உண்டு, வரி உண்டு. ஆனால் மத்திய சட்டத்தில் விலக்கு இல்லை. துப்பாக்கிக் கடையில் வாங்குவோர் நிரப்ப வேண்டிய 4473 என்ற எண்ணுள்ள படிவத்தில், மாநிலம் அனுமதித்தாலும் மத்திய சட்டப்படி கஞ்சா சட்டவிரோதமே என்று எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறார்கள். அதில் பொய் எழுதினால் அது தனிக் குற்றம்.

நெவாடா மாநிலத்தில் 2011-இல் இதற்கு ஓர் உதாரணம் நடந்தது. மருத்துவக் கஞ்சாவுக்கான அட்டை வைத்திருந்த ஒரு பெண்மணி துப்பாக்கி வாங்கப் போனார். அட்டை இருப்பது கடைக்காரருக்குத் தெரியும், விற்க மறுத்துவிட்டார். அட்டைதாரருக்கு விற்கக் கூடாது என்று மத்திய அரசு வியாபாரிகளுக்குக் கடிதம் அனுப்பியிருந்த சமயம் அது. ஒரு வியாபாரி என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கடைக்காரர் மேல் குற்றம் இல்லை. லைசென்ஸ் போனால் பிழைப்பு போச்சு. அப்பெண்மணி வழக்குப் போட்டார். 2016-இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசாங்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. போதைக்கும் வன்முறைக்கும் தொடர்பு உண்டு, ஆகவே தடை நியாயம் என்பது அன்றைய தர்க்கம்.

பழைய கணக்கு நோட்டைப் புரட்டு!

2022 ஜூன் 23 அன்று காற்று திசை மாறியது. நியூயார்க் மாநிலத்துச் சட்டம் பற்றிய புரூயன் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், ஒரு புதிய அளவுகோலை வைத்தது. எழுதியவர் நீதிபதி தாமஸ். அதற்கு முன்பெல்லாம் கீழ் நீதிமன்றங்கள் தராசு பிடித்தன. ஒரு தட்டில் தனிமனித உரிமை, மறு தட்டில் பொதுமக்கள் பாதுகாப்பு. இனிமேல் அந்தத் தராசு வேண்டாம், ஒரு துப்பாக்கித் தடை செல்லுமா என்று தெரிய வேண்டுமானால் நாட்டின் சரித்திரத்தைப் பார், பழைய காலத்தில் இதற்கு ஒப்பான தடை இருந்ததா என்று அரசாங்கம் காட்டட்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நம் பாஷையில் சொன்னால், பாட்டன் காலத்துக் கணக்கு நோட்டைப் புரட்டி, இந்த மாதிரிப் பற்று அன்றைக்கு எழுதியிருக்கிறார்களா என்று தேடுவது. எழுதியிருந்தால் செல்லும். இல்லாவிட்டால் தள்ளு.

இதில்தான் அரசாங்கம் மாட்டிக்கொண்டது. 1791-இல் கஞ்சா ஒரு சமூகப் பிரச்சினையாக இல்லை. போதைப்பொருளுக்கும் துப்பாக்கிக்கும் சேர்த்துச் சட்டம் எழுத அன்றைக்கு அவசியமே எழவில்லை. ஆகவே அரசாங்க வக்கீல்கள் குடிகாரர்களைத் தேடிப் போனார்கள்.

கிடைத்தவை சில. 1655-இல் வர்ஜீனியாவில், குடிக்கும்போது துப்பாக்கி வெடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் விலக்கு! 1771-இல் நியூயார்க்கில் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் துப்பாக்கி வெடிக்கத் தடை வந்தது. குடித்துவிட்டு ஆட்டம் போடுவதே காரணம். உள்நாட்டுப் போருக்குப் பிறகு 1867-இல் கான்சாஸ், 1883-இல் மிசூரி ஆகிய மாநிலங்கள் குடிபோதையில் ஆயுதம் தாங்கித் திரிவதைக் குற்றமாக்கின. இவை தவிர, பழக்கக் குடிகாரர்களைப் பிடித்து வேலைக்கூடங்களில் அடைக்கும் சட்டங்களும், வேலை வெட்டி இல்லாமல் திரிவோரை அடக்கும் சட்டங்களும் பல ஊர்களில் இருந்தன.

எதிர்த்தரப்பு வக்கீல்கள் இதே நோட்டை வாங்கி இதே பக்கத்தைக் காட்டினார்கள். "ஐயா, நன்றாகப் பாருங்கள். குடித்திருக்கும் நேரத்தில் துப்பாக்கியைத் தொடாதே என்றுதான் இவை சொல்கின்றன. நேற்றுக் குடித்தான் என்பதற்காக இன்று தெளிந்திருக்கிறவன் வீட்டுக்குள் போய், பெட்டியில் இருக்கும் துப்பாக்கியைப் பிடுங்கு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லையே!" என்றார்கள். வழக்கின் உயிர்நாடி இந்த இடம்தான். போதையில் இருப்பது ஒன்று. போதை பழக்கம் உள்ளவராக இருப்பது வேறொன்று.

நீதிமன்றங்கள் பிரிந்து நின்றன

2022 ஏப்ரலில் மிசிசிப்பி மாநிலத்தில், நம்பர் பலகை இல்லாமல் ஓடிய ஒரு வண்டியைப் போலீசார் நிறுத்தினார்கள். உள்ளே கஞ்சா வாடை. சாம்பல் தட்டில் புகைத்த துண்டுகள். கூடவே ஒரு கைத்துப்பாக்கி, ஒரு ரைஃபிள். ஓட்டியவர், மாதத்தில் சுமார் பதினான்கு நாள் புகைப்பதாக ஒப்புக்கொண்டார். அந்த நேரத்தில் அவர் போதையில் இருந்தாரா என்று யாரும் சோதிக்கவில்லை. 46 மாதச் சிறை விதிக்கப்பட்டது. டேனியல்ஸ் வழக்கு எனப்படும் இதில் 2023 ஆகஸ்டில் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. சரித்திரத்தில் இதற்கு ஆதாரம் இல்லை என்றது. அதே 2023 பிப்ரவரியில் ஓக்லஹோமாவில் ஒரு மாவட்ட நீதிபதி, கஞ்சா பயன்படுத்துகிறார் என்பதை மட்டும் வைத்து ஒருவரின் உரிமையைப் பறிக்க முடியாது என்று தீர்ப்பளித்திருந்தார்.

எட்டாம் வட்டார நீதிமன்றம் வேறு வழியில் போயிற்று. 2024 ஏப்ரலில், வீஸ்லி வழக்கில், இந்தச் சட்டம் முழுக்கவே செல்லாது என்ற வாதத்தை அது தள்ளியது. சில போதைப்பொருட்கள் மனிதனைப் பித்தனைப் போல ஆக்கிவிடும். பித்துப்பிடித்து ஆபத்தாக இருப்போரை அடைத்துவைக்கும் வழக்கம் பழங்காலத்திலும் இருந்தது. ஆகவே அப்படிப்பட்டவர்களுக்காவது தடை செல்லும் என்றது. ஆனால் அதே தீர்ப்பில் ஓர் எண்பது வயதுப் பாட்டியைப் பற்றியும் பேசியது. நாள்பட்ட நோய்க்குக் கஞ்சா எடுத்துக்கொண்டு, தன் பாதுகாப்புக்கு ஒரு கைத்துப்பாக்கியை ஒளித்து வைத்திருக்கும் பாட்டி. அவர் விஷயமும் இதுவும் ஒன்றா என்ற கேள்வி அதில் தொக்கி நிற்கிறது.

இங்கே ஒரு நுணுக்கத்தை விளக்க வேண்டும். சட்டத்தை எதிர்ப்பதில் இரண்டு விதம் உண்டு. "சட்டமே செல்லாது, யார் மேலும் செல்லாது" என்பது ஒரு விதம். "சட்டம் இருக்கட்டும், என் விஷயத்தில் மட்டும் செல்லாது" என்பது இன்னொரு விதம். முதலாவது ஜெயிப்பது மிகக் கடினம். ஒரே ஓர் ஆளுக்குச் சரியாகப் பொருந்தினாலும் சட்டம் தப்பித்துக்கொள்ளும். இரண்டாவதில் ஆளைப் பார்ப்பார்கள், சூழ்நிலையைப் பார்ப்பார்கள். போதைப்பொருள் வழக்குகளில் ஜெயித்தவையெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டாம் விதமே.

2024 ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றம் ரஹிமி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. காதலியைத் தாக்கியதால் நீதிமன்றத் தடை உத்தரவு பெற்ற ஒருவர், துப்பாக்கி வைத்திருந்ததற்காகத் தண்டிக்கப்பட்ட வழக்கு. தடை செல்லும் என்று எட்டு நீதிபதிகள் சொன்னார்கள். எதிர்த்தவர் புரூயன் தீர்ப்பை எழுதிய அதே தாமஸ்! தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், பழைய சட்டத்தில் அச்சு அசலாக இரட்டைப் பிள்ளையைத் தேட வேண்டாம், அடிப்படைக் கொள்கை ஒத்துவந்தால் போதும் என்று விளக்கம் கொடுத்தார். பிறருக்கு ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கண்டறிந்த ஒருவரிடமிருந்து தற்காலிகமாக ஆயுதத்தை வாங்கி வைக்கலாம் என்பது அதன் சாரம்.

இதற்குப் பிறகு டேனியல்ஸ் வழக்கைத் திரும்பப் பார்க்கும்படி உச்ச நீதிமன்றம் அனுப்பியது. 2025 ஜனவரியில் ஐந்தாம் வட்டாரம் மறுபடியும் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அதற்கு முன்பே, 2024 ஆகஸ்டில், டெக்சாஸின் எல் பாசோ நகரைச் சேர்ந்த ஒரு பெண்மணியின் வழக்கில் அது தன் நிலையைத் தெளிவாக்கியிருந்தது. போதையில் இருக்கும் நேரத்தில் துப்பாக்கி கூடாது என்று சொல்லலாம். ஆனால் வன்முறை எதுவும் செய்யாத, தெளிந்த நிலையில் உள்ள ஒருவரிடமிருந்து, பழைய பழக்கத்தை மட்டும் காரணமாகக் காட்டி ஆயுதத்தைப் பறிக்க முடியாது என்றது. எட்டாம் வட்டாரமும் 2025-இல், அந்தந்த ஆள் உண்மையில் ஆபத்தானவரா என்று பார்க்க வேண்டும் என்றது. மூன்றாம் வட்டாரமும் பத்தாம் வட்டாரமும் அதே ஆண்டில், கீழ் நீதிமன்றங்கள் உண்மைகளை மேலும் விசாரிக்கட்டும் என்று திருப்பி அனுப்பின. ஃபுளோரிடா மாநிலத்தில் டாக்டர் சீட்டோடு மருத்துவக் கஞ்சா வாங்கும் நோயாளிகள் தொடுத்த வழக்கு கீழே தள்ளுபடியாகியிருந்தது. 2025 ஆகஸ்டில் பதினோராம் வட்டாரம் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது.

நடுவே இன்னொரு வழக்கு உலகம் முழுவதும் பேசப்பட்டது. அதிபர் பைடனின் மகன் ஹன்டர் பைடன் 2018 அக்டோபரில், கொக்கெய்ன் பழக்கம் இருந்த காலத்தில், படிவத்தில் இல்லை என்று எழுதி ஒரு ரிவால்வர் வாங்கினார். பதினொரு நாள்தான் அது அவரிடம் இருந்தது. சுட்டதாகவோ மிரட்டியதாகவோ புகார் இல்லை. 2024 ஜூனில் டெலவேர் நீதிமன்றத்தில் மூன்று குற்றங்களிலும் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. டிசம்பரில் தந்தை மன்னிப்பு வழங்கினார். அதிபர் மகனுக்குத் தந்தை இருந்தார். சாதாரண வீட்டுப் பிள்ளைக்கு?

உச்ச நீதிமன்றத்தின் வாசலில்

கடைசியில் டெக்சாஸிலிருந்து போன ஹெமானி வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. 2026 மார்ச்சில் வாதங்கள் நடந்தன. 2022-இல் மத்தியப் புலனாய்வுத் துறையினர் ஒருவர் வீட்டைச் சோதனையிட்டபோது கைத்துப்பாக்கியும் கஞ்சாவும் கிடைத்தன. ஒருநாள் விட்டு ஒருநாள் கஞ்சா பயன்படுத்துவதாக அவர் சொன்னார். இந்த உண்மைகளை வைத்து அவர்மேல் இந்தப் பிரிவைப் பாய்ச்சலாமா என்பதே நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கேள்வி.

இதில் அணிகள் சேர்ந்த விதம் வேடிக்கையானது. துப்பாக்கி உரிமையை உயர்த்திப் பிடிக்கும் டிரம்ப் அரசாங்கம் தடையை ஆதரித்து வாதாடியது. துப்பாக்கி உரிமைச் சங்கங்களும், வழக்கமாக அவற்றுக்கு எதிர் முகாமில் நிற்கும் குடிமை உரிமைச் சங்கமும் ஒரே பக்கம் சேர்ந்து தடையை எதிர்த்தன.

அரசாங்கத் தரப்பின் வாதம் எளிதில் தள்ளத்தக்கது அல்ல. இந்தத் தடை ஆயுள் முழுவதுக்கும் அல்ல. பழக்கத்தை விட்டால் தடை தானே நீங்கிவிடும், சாவி அவர் கையில்தான் இருக்கிறது என்கிறார்கள். போதை வாங்கப் பணத்துக்காகக் குற்றம், விற்பவரோடு சகவாசம், நிதானம் தவறுதல் என்று ஆபத்துகளை அடுக்குகிறார்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராய்ந்துகொண்டிருந்தால், விபரீதம் நடந்த பிறகுதான் தெரியவரும் என்கிறார்கள்.

எதிர்த்தரப்பும் லேசானது அல்ல. ரஹிமி வழக்கில் ஒரு நீதிபதி உட்கார்ந்து, இந்த ஆள் ஆபத்தானவர் என்று கண்டறிந்த பிறகே ஆயுதம் போயிற்று. இங்கே அப்படி யாரும் எதையும் கண்டறிவதில்லை. பாராளுமன்றம் ஒரு வகையைச் சொல்லிவிட்டது, அந்த வகைக்குள் விழுந்தால் குற்றவாளி. தவிர, பயன்படுத்துகிறவர் என்றால் யார்? நேற்றா, போன வாரமா, போன வருஷமா? சட்டத்தில் கணக்கு இல்லை. நீதிமன்றங்கள்தான், அடிக்கடியும் அண்மையிலும் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று பொருள் சொல்லி வந்திருக்கின்றன. பதினைந்து ஆண்டு சிறை கொடுக்கும் ஒரு சட்டம், எது குற்றம் என்பதைப் படிப்பவனுக்கு விளங்கும்படி சொல்ல வேண்டாமா?

இந்த வழக்கின் தீர்ப்பையும் இதையொட்டி வரும் தீர்ப்புகளையும் பத்திரிகையில் படிக்கும்போது தலைப்பைப் பார்த்து முடிவு கட்டிவிடக் கூடாது. மூன்று விஷயங்களைத் தேடிப் பாருங்கள். தீர்ப்பு சட்டத்தைப் பற்றியதா, அந்த ஒரு மனிதரைப் பற்றியதா? கஞ்சாவைப் பற்றி மட்டுமா, கொக்கெய்ன் ஹெராயின் எல்லாவற்றையும் சேர்த்தா? ஆபத்தை நிரூபிக்கும் பொறுப்பு யார் தலையில் வைக்கப்படுகிறது? விஷயம் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

நம் பிள்ளைகளுக்கு

விடுமுறைக்கு வந்திருந்த உறவுக்காரப் பையன் ஒருவனிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். அவன் சிரித்தான். "என்ன மாமா நீங்க! அங்கே கஞ்சாவைக் கடையிலே பில் போட்டு விக்கிறான், அரசாங்கம் வரி வாங்குது. அப்புறம் என்ன தப்பு?" என்றான். "எந்த அரசாங்கம்டா வரி வாங்குது? விசா கொடுத்தது எந்த அரசாங்கம்?" என்று கேட்டேன். பதில் வரவில்லை.

பெற்றோர் அறிய வேண்டியது இதுதான். படிப்புக்கோ வேலைக்கோ தற்காலிக விசாவில் போயிருப்பவர்கள், வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். நண்பனோடு சும்மா சுட்டுப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்புவதற்கு முன் வக்கீலைக் கேட்க வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர் துப்பாக்கி வாங்கலாம். ஆனால் அவர் மாநில அனுமதியோடு கஞ்சா எடுத்துக்கொண்டாலும் இந்தத் தடைக்குள் சிக்கலாம். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தலுக்கு அதுவே காரணமாகலாம்.

துப்பாக்கியே வேண்டாம் என்பவருக்கும் கஞ்சாவில் தப்பில்லை. குடியுரிமை கேட்பவர் மத்திய சட்டத்துக்கு விரோதமாகக் கஞ்சா பயன்படுத்தியிருந்தால், மாநிலம் அனுமதித்திருந்தாலும், நன்னடத்தைக்கு அது இடையூறாகலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலிலேயே விளக்கம் வெளியிட்டது. விமான நிலைய அதிகாரி கேட்கும்போது "ஆமாம், எடுத்துக்கொண்டேன்" என்று ஒப்புக்கொண்டாலே உள்ளே நுழையத் தடை வரலாம். 2025 டிசம்பரில் அதிபர் டிரம்ப் கஞ்சாவை மூன்றாம் அட்டவணைக்கு மாற்றும் வேலையை விரைவுபடுத்த உத்தரவிட்டார். மூன்றாவதுக்குப் போனாலும் அது கட்டுப்படுத்தப்பட்ட பொருள்தான். பிள்ளைகள் அதை நம்பி ஏமாந்துவிடக் கூடாது.

என் சொந்தக் கருத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் சமண நெறியில் இல்லறத்தாருக்கு வகுத்த விரதங்களில், கொலைக்கருவியைப் பிறருக்குக் கொடுப்பதே வீண் தீவினையாக எண்ணப்படும். மயக்கப் பொருள் அறவே விலக்கு. ஆகவே எனக்குக் கஞ்சாவும் வேண்டாம், கைத்துப்பாக்கியும் வேண்டாம். ஆனால் நான் எதை விலக்குகிறேன் என்பது என் தர்மம். அரசாங்கம் எவனைச் சிறையில் வைக்கலாம் என்பது வேறு கேள்வி. எனக்குப் பிடிக்காத பழக்கம் உள்ளவன் என்பதற்காக, யாரையும் துன்புறுத்தாத ஒருவனைப் பதினைந்து ஆண்டு உள்ளே தள்ளலாம் என்று நான் தலையாட்டினால், நாளைக்கு என் பழக்கம் ஒன்று பிடிக்காதவன் அதிகாரத்துக்கு வரும்போது நான் என்ன வாதம் வைப்பேன்?

அதே சமயம், போதையில் தடுமாறுகிறவன் கையில் துப்பாக்கி இருக்கும் வீட்டில் அவன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் உரிமை என்று ஒன்று இருக்கிறது. அதையும் எந்தச் சட்டமும் மறக்கக் கூடாது. அமெரிக்க நீதிபதிகள் பழைய நோட்டைப் புரட்டித் தேடிக்கொண்டிருப்பது இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டைத்தான். மனிதனை அவன் சேர்ந்த வகையைக் கொண்டு அளப்பதா, அவன் செய்கையைக் கொண்டு அளப்பதா என்ற கேள்வி அந்த நாட்டோடு நிற்பதில்லை. பிழைப்புக்காக வேறு மாநிலத்தில் வந்து தங்கி, பலமுறை 'இவர்களெல்லாம் இப்படித்தான்' என்ற சொல்லைக் கேட்டிருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அதன் கனம் நன்றாகவே தெரியும்.